பொருந்தாத எலும்பு

மனைவியின் உள்ளங்காலில் மணல் ஒட்டியிருந்ததைக் கண்டதும் பரமலிங்கத்துக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"மிஸி, இஞ்சை வாருங்கோ. நடக்க ஏலாமல் கிடக்கிற மனுசியின்ரை காலைக் கழுவிவிடக்கூட ஆளில்லையோ?"

மண்கும்பான் கடற்கரையோரம் ஒரு தரும சங்கம் நடத்திய ஆறுதல் இல்லம் அது. கைகால் முறிந்தவர்களையும் வாதம் விழுந்தவர்களையும் எழுந்து நடக்கும்வரை வைத்துப் பார்ப்பார்கள். பரமலிங்கத்தின் மனைவி பாலாம்பிகை மாசி மாதம் இங்கே வந்தவள். மடத்துவெளியில் நல்ல தண்ணீர்க் கிணற்றடியில், இடுப்பில் குடத்தோடு வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டவள். இப்போது வைகாசி. இன்னும் கட்டிலில்தான் கிடந்தாள்.

இல்லத்தின் தலைமைத் தாதி, மேற்றன் சறோஜினிதேவி வந்தார். எலும்பு பொருந்திவிட்டது, டொக்டரும் படமெடுத்துப் பார்த்துவிட்டார் என்று நிதானமாகச் சொன்னார். "மிச்சத்தை நீங்கள் அவவைத்தான் கேக்கவேணும், ஐயா."

பரமலிங்கம் கேட்டார்.

"நோகுதப்பா," என்று சொல்லிவிட்டுப் பாலாம்பிகை முகட்டைப் பார்த்தாள்.

அது போதாதா? அவருக்கும் கண் இருந்தது. அவளுடைய கன்னம் உப்பியிருந்தது, அது வீக்கம். முகம் கறுத்திருந்தது, வெயிலில் போட்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் கட்டில்காரியோடு சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தவள் அவர் தலையைக் கண்டதும் வாயை மூடினாள், வெருட்டி வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு கவனிப்பு உலகத்தில் எங்கேயாவது உண்டா?

மனிதரின் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மாத்தறையில் கடை வைத்திருந்து, கல்லாப்பெட்டிக்கு முன்னால் இருந்தே பழகியவர். ஊரோடு வந்து சேர்ந்த பிறகும் தேத்தண்ணீர் அவரைத் தேடிக் கதிரைக்கு வந்ததே தவிர, அவர் தேத்தண்ணீரைத் தேடிக் குசினிக்குப் போனதில்லை. இப்போது அவரே அடுப்பு மூட்டினார். புகை கண்ணைக் கரிக்க, சோறு ஒருநாள் களியாக வந்தது, மறுநாள் அரிசியாகவே வந்தது. ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு அயலவரின் பயிரை மேய்ந்து, வேலிக்கு மேலால் சண்டை வந்தது. வீட்டுக் கிணறு உப்பு. நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு போனால் கிணற்றடியில் நிற்கும் பெண்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு இவரைத்தான் பார்த்தார்கள். அத்தனை பெண்களுக்கு நடுவே, குடத்தை எந்தப் பக்க இடுப்பில் வைப்பதென்று தெரியாமல் நின்ற அவமானத்தை அவர் எந்தப் பிறவியில் மறப்பார்? எல்லாம் இந்த இல்லத்தால் வந்த வினை.

விசாரித்ததில், காலையும் மாலையும் நோயாளிகளைக் கடற்கரை மணலில் நடக்கவிடுகிறார்கள் என்று தெரிந்தது. முறிந்த காலை மணலில் உழக்கினால் எப்படிப் பொருந்தும் என்று கத்தி, இனி யாரும் அவளைக் கட்டிலை விட்டு இறக்கக்கூடாது என்று கட்டளை போட்டார். நடக்காவிட்டால் இன்னொரு மாதம் கூடுதலாக இருக்க வேண்டிவரும் என்றார் டொக்டர். பரமலிங்கம் அதற்கும் கத்தினார். மாதம் கூடியது.

அடுத்ததாகப் புங்குடுதீவிலிருந்து முறிவு வைத்தியம் பார்க்கும் முருகேசுப் பரியாரியை எண்ணெய்ப் போத்தலோடும் மட்டைகளோடும் அழைத்துவந்தார். பரியாரி காலைத் தடவினார், அமத்தினார், மடக்கி நீட்டினார். "உது இரும்பு மாதிரியெல்லே கிடக்கு," என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, பாலாம்பிகை போட்ட கூக்குரலில் ஆண்கள் பகுதியில் இருந்தவர்களெல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். ஆட்டுக்கால் பார்க்கவும் உதவாதவர் என்று பரமலிங்கம் முகத்துக்கு நேரே சொல்ல, பரியாரி போத்தலை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார். பாலாம்பிகைக்குப் பரியாரியாலும் தீர்க்க முடியாத வருத்தமாம் என்ற கதை, அவர் வீடு போய்ச் சேர முன்பே தீவெல்லாம் பரவியது. சொந்தக்காரர் துக்கம் விசாரிக்கப் படையெடுத்தார்கள். வந்தவர்கள் இருந்தார்கள். இருந்தவர்களுக்கெல்லாம் பரமலிங்கமே தேத்தண்ணீர் ஊற்றினார்.

ஆடி பிறந்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. சங்கத் தலைவர் கைலாசபதி வீட்டுக்கே போய், உங்கள் இல்லத்தில் மனிசரைப் பார்க்கிற இலட்சணத்தை ஒருமுறை நேரில் வந்து பாரும் என்று சண்டை பிடித்தார். கைலாசபதி வந்தார். கஞ்சியைக் குடித்துப் பார்த்தார், படுக்கை விரிப்பை முகர்ந்தார், கட்டில்களுக்குக் கீழே குனிந்து தூசி தேடினார். ஒரு குறையும் அகப்படவில்லை. பாலாம்பிகையைக் கேட்டபோது, எல்லாம் நல்லாத்தான் பார்க்கிறார்கள், கால்தான் நோகிறது என்றாள். சங்கத்தின் பெயர் கெட்டுவிடுமோ என்று தலைவருக்குப் பயம் பிடித்தது. இந்த அம்மாவுக்குப் பூரண சுகம் வரும்வரை, தை பிறந்தாலும் பரவாயில்லை, இங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டார். பாலாம்பிகை படுத்தபடியே அவரைக் கைகூப்பிக் கும்பிட்டாள்.

பரமலிங்கத்துக்கு நெஞ்சு கொதித்தது. முறைப்பாடு செய்யப் போனவருக்கு அரை வருடம் தண்டனை கிடைத்தது போலிருந்தது. மறுநாளே ஊர்காவற்றுறை சில்வெஸ்ரரின் பழைய ஏ-போட்டி காரைப் பிடித்தார். மடத்துவெளியிலிருந்து மண்கும்பான் வரும்வரை, முன்சீட்டில் இருந்தபடி இல்லத்தையும் மேற்றனையும் டொக்டரையும் பரியாரியையும் வரிசையாகத் திட்டி வந்தார். சாரதி சில்வெஸ்ரர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

வாசலில் சறோஜினிதேவி நின்றார். "தாராளமாக் கூட்டிக்கொண்டு போங்கோ, ஐயா. ஆனா அவவிட்டை ஒருக்கால்..."

"ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேக்கத் தேவையில்லை. ஓடியாடித் திரிஞ்ச மனுசியைக் கொண்டுவந்து விட்டனான். சப்பாணியாக்கிப்போட்டு நிக்கிறியள். உங்களுக்கெல்லாம் ஆர் இந்த உடுப்பைத் தந்தது?"

இருபது வருடம் மற்றவர்களின் மலசலம் அள்ளிய அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. பரமலிங்கம் அதைப் பார்க்க நிற்கவில்லை. கட்டிலடிக்குப் போய் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, மற்றப் பக்கம் தூக்கச் சொல்லிச் சாரதியைக் கூப்பிட்டார். பாலாம்பிகை சடக்கென்று சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

உள்ளே வந்த சில்வெஸ்ரர் அவளைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன காணும் பாத்துக்கொண்டு நிக்கிறீர்? பிடியுமன். நடக்க ஏலாத மனுசி."

சில்வெஸ்ரர் வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற மேற்றனைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். வாயைத் திறப்பதில்லை என்றுதான் இருந்தார், கோபம் விடவில்லை.

"அந்த மிஸியைப் பேசாதேங்கோ, அண்ணை. இந்த அக்காவை ஒருத்தரும் தூக்கத் தேவையில்லை. போன மாசம் நயினாதீவுத் தேருக்கு இஞ்சையிருந்து என்ரை காரிலைதான் வந்தவ. உங்கடை மடத்துவெளியைத் தாண்டுமட்டும் சீற்றுக்குக் கீழை குந்திக்கொண்டு இருந்தவ. பிறகு வள்ளமேறிப் போய்த் தேருக்குப் பின்னாலை நாலு வீதியும் விழுந்து எழும்பி அடியழிச்சவ, நான் நிண்டு பாத்தனான். என்ன நேர்த்திக்கடன் அக்கா எண்டு கேட்டன். கால் சுகம் வந்தது வீட்டுக்காரருக்குத் தெரியவரப்படாதாம்."