நான் தேர்தலில் தோற்ற இடம் அடுப்படி

தேர்தலில் தோற்றவர்கள் எல்லோரிடமும் ஒரு காரணம் இருக்கும். கள்ள வாக்கு என்பார்கள், பத்திரிகைகளின் சதி என்பார்கள். நான் தோற்றது மட்டன் ரோல்ஸால். இதை வெளியில் சொல்ல எனக்கு ஒரு வருடம் எடுத்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய நாட்டில், ஒரு பெண் ஜனாதிபதித் தேர்தலில் தோற்றுப்போன காலை அது. நான் தொலைக்காட்சிக்கு முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். (அந்த நாட்டில் எனக்கு வாக்கும் இல்லை, ஒன்றுவிட்ட மச்சாள்கூட இல்லை.) என் கணவர் குணா கோப்பியைக் கையில் தந்து, "பொம்பிளையளுக்கு இன்னும் காலம் வரேல்லையப்பா" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"அப்ப நான் தலைவர் பதவிக்குக் கேக்கிறன்."

"எந்த நாட்டுக்கு?"

"எங்கடை சங்கத்துக்கு!"

எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு ரூ பிலிப்-து-ஜிரார் என்ற பிரெஞ்சுத் தெருவில், ஒரு பலசரக்குக் கடைக்குப் பின்னால் சின்ன மண்டபம் உண்டு. பன்னிரண்டு வருடமாகத் தலைவர் ஆறுமுகம் அண்ணை. நல்ல மனிதர், அதுதான் கரைச்சல். சனிக்கிழமைகளில் அவரும் கூட்டாளிகளும் மண்டபத்தில் சீட்டு விளையாடுவார்கள். எனக்கு அந்தச் சனிக்கிழமை வேண்டியிருந்தது. வன்னியிலிருந்து புதிதாக வந்து உணவகமொன்றில் கோப்பை கழுவும் தேவி, விசா சம்பந்தமாக வந்த கடிதத்தை வாசிக்கத் தெரியாமல் ஒரு மாதம் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாள். யாரிடமும் கேட்க வெட்கம். தற்செயலாக அது என் கண்ணில் பட்டதால் தப்பினாள். அவளைப் போன்ற பெண்களுக்கு ஒரு பிரெஞ்சு வகுப்பு: என் தேர்தல் வாக்குறுதி அவ்வளவுதான்.

இரண்டு மாதம் நாயாய் அலைந்தேன். சேலைக் கடையிலும் மெட்ரோவிலும் பெண்களைப் பிடித்து நிறுத்திப் பேசினேன். தேவியோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் எனக்குத்தான் என்று சத்தியம் செய்தார்கள்.

கூட்டம் ஞாயிறு பின்னேரம். பசித்த வயிறு மாற்றத்துக்கு வாக்களிக்காது என்று என் அரசியல் மூளை சொன்னது. நூற்றிருபது ரோல்ஸ் சுற்றிக் கொண்டுபோனேன். "வாங்கோ பிள்ளையள், சூடாய்ப் பொரிச்சுக் குடுப்பம்" என்று பன்னிரண்டு பேரையும் மண்டபத்தின் அடுப்படிக்குள் கூட்டிப்போனேன். நாலு பேர் நிற்கக்கூடிய இடம். மிச்சப் பேர் தட்டுகளோடு பின்வாசலில். ரோல்ஸைப் புரட்டிக்கொண்டே நான் என் பேச்சை ஒத்திகை பார்த்தேன்: "பெண்கள் இனியும் ஒதுங்கி நிற்கமாட்டோம்!" எண்ணெய்த் தாச்சி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மண்டபத்தில் கைதட்டல் எழும்பியது. "வாசத்துக்கே கைதட்டுறாங்கள்" என்றேன் பெருமையாக. முதல் தட்டை நானே தூக்கிக்கொண்டு போய், எல்லாப் பற்களும் தெரியச் சிரித்து, முதல் ரோலை ஆறுமுகம் அண்ணையிடம் நீட்டினேன்.

அவர் ஒரு கடி கடித்தார். "நல்லாயிருக்கு பிள்ளை. உறைப்புத்தான் கொஞ்சம் காணாது. வாக்கெடுப்பு முடிஞ்சுது, திரும்பவும் நான்தான்."

"நாங்கள் வரமுந்தியோ?"

"எப்பவும் தேத்தண்ணிக்கு முந்தித்தானே வாக்கெடுப்பு?"

ஓம். எப்பவும் அப்படித்தான். எப்பவும் அந்த நேரத்தில் நாங்கள் அடுப்படியில்தான் நின்றிருக்கிறோம். அது ஒருவருக்கும் கண்ணில் படவில்லை, வேட்பாளருக்கும்கூட. இந்த முறை என் வாக்காளர்களை நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருந்தேன்.

அண்ணைக்குப் பதினாறு, எனக்கு ஒன்பது. அடுப்படிக்குள் பதின்மூன்று.

"ஏனப்பா என்னைக் கூப்பிடேல்லை?" என்று குணாவைப் பிடித்தேன்.

"எண்ணெய் அடுப்பிலை இருக்கேக்கை கூப்பிட்டால் நீர் ஏசுவீர். நான் ரெண்டு கையும் தூக்கினனான். ஒண்டைத்தான் எண்ணினவை."

அப்போதுதான் வந்து சேர்ந்த என் மகள் அபிராமி, நடந்ததைக் கேட்டுவிட்டுத் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். சொந்தத் தேர்தலுக்கே நீ போகவில்லையா என்று பிரெஞ்சில் கேட்டாள். நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

கார் து நோர் ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது தேவியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் திடீரென்று சிரிக்கத் தொடங்கினாள். "அக்கா, நாங்கள் பன்னிரண்டு பேரும் உங்கடை பக்கம்தானே? பிறகென்ன, சனிக்கிழமை வருவம்."

வந்தார்கள். சீட்டு மேசைக்குப் பக்கத்து மேசையில் கொப்பியைத் திறந்துகொண்டு இருந்தார்கள். அண்ணை இரண்டு கிழமை முறைத்தார். மூன்றாவது கிழமை சீட்டைக் கவிழ்த்துவிட்டு, தேவியின் பிரெஞ்சு உச்சரிப்பைத் திருத்தினார். தொலைக்காட்சியில் பார்த்த அந்தப் பெண்ணை அப்போது நினைத்துக்கொண்டேன். அவர் தோற்றதைப் பார்த்துத்தான் நான் எழும்பினேன். நான் தோற்றதில் பன்னிரண்டு பேருக்கு ரோசம் வந்தது. இந்தக் கணக்கில் பெண்கள் நட்டப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில்தான் மானம் போனது போனதுதான். நான் அடுப்படிக்குள் கால் வைத்தால் போதும், "அம்மா, வாக்கெடுப்புத் தொடங்கப்போகுது!" என்று அபிராமி கத்துவாள். குணா உடனே இரண்டு கையையும் தூக்குவார்.

இந்த வருடம் அண்ணை போட்டியிடவில்லை. தலைவர் பதவிக்குத் தேவி கேட்டாள். தேத்தண்ணி ஆண்களின் பொறுப்பு என்று முதலே தீர்மானம் போட்டிருந்தோம். "தேவிக்கு ஆதரவானவை கையைத் தூக்குங்கோ" என்று செயலாளர் சொன்னபோது, பெண்கள் எல்லோரும் கதிரையில். அடுப்படிக்குள் ஐந்து ஆண்கள். பேசாமல் விட்டிருக்கலாம். (ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது.)

"பொறுங்கோ!" என்று எழும்பி, அடுப்படி வாசலில் போய் நின்று கத்தினேன்: "அண்ணை, வாக்கெடுப்புத் தொடங்கப்போகுது!"

ஆறுமுகம் அண்ணை இரண்டு கையிலும் தேத்தண்ணித் தட்டோடு ஓடிவந்தார். கையைத் தூக்க வழியில்லாமல் முழித்தார். மண்டபம் முழுக்க, அவர் தட்டைக் கீழே வைக்கும்வரை காத்திருந்தது.