கூடலூர்த் தேங்காயும் நாக்பூர் லாரியும்

கூடலூரில் ஒரு தேங்காய் இருந்தது. அது எழுந்து நிற்கும்.

எழுந்து நின்றால் என்ன என்று நான் கேட்டேன். கேட்ட பாவத்துக்கு என் அம்மா ரோசம்மாள் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் யார் வீடு மாற்றினாலும் அப்போது முதலில் கூடலூருக்குத்தான் போனார்கள். திருப்பூர் போகிறவர்கள், பெங்களூர் போகிறவர்கள், சூரத் போகிறவர்கள் எல்லோரும் வண்டி நிறையச் சாமானோடு தேங்காய்ச் சித்தர் தோப்பில் வரிசை கட்டினார்கள். சித்தர் வலது உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு ஒவ்வொரு சாமானின் முன்னாலும் நடப்பார். தேங்காய் படுத்தே கிடந்தால் சாமான் போகலாம். குடுமியை நீட்டிக்கொண்டு எழுந்து நின்றால், அந்தச் சாமானுக்கு ஊரை விட்டுப் போக இஷ்டமில்லை. மீறிக் கொண்டுபோனால் லாரி கவிழும், வேலை போகும், குடும்பம் பிரியும். சின்னமனூரில் ஒரு வீட்டார் மீறி பீரோவைக் கொண்டுபோனார்களாம். மருமகள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாளாம். பீரோ வாங்குவதற்கு முன்பே அவள் நான்கு தடவை அப்படிப் போனவள் என்பதை யாரும் சொல்வதில்லை.

இஷ்டமில்லாத சாமானை என்ன செய்வது? சித்தரிடம் விட்டுவிட வேண்டும். அவர் சாந்தி செய்து அதை மண்ணோடு மண்ணாக்கிவிடுவார். ஃபிரிட்ஜை எப்படி ஐயா மண்ணாக்குவது என்று அதுவரை யாரும் கேட்கவில்லை.

இந்தச் சித்தர் முன்பு இதே தேங்காயை வைத்து ஆழ்துளைக் கிணற்றுக்கு நீரோட்டம் பார்த்தவர். அவர் காட்டிய இடத்தில் எல்லாம் புழுதி வந்தது. புழுதிக்குப் பணம் கொடுத்த விவசாயிகள் தேடி வந்தார்கள். அவர் தொழிலை மாற்றிக்கொண்டார். தோப்பில் வேல், சிலுவை, பிறை மூன்றையும் ஒரே கயிற்றில் தொங்கவிட்டார். எந்த வாடிக்கையாளரையும் இழக்க விரும்பாத கடை.

எங்கள் வீடு உத்தமபாளையத்தில் இருக்கிறது. அக்கா ரீட்டாவின் கணவர் பெனடிக்டுக்கு நாக்பூரில் பம்பு கம்பெனியில் வேலை கிடைத்தது. மச்சான் முன்னால் போய் வீடு பார்த்துவிட்டார். சாமானோடு அக்கா போக வேண்டும். திட்டம் போடும் பொறுப்பு எனக்கு வந்தது. மாலை வகுப்பில் கணக்குப் பதிவியல் படிக்கிறேன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டில் நம்புகிறார்கள். நான் நம்பவில்லை. கூட்டிய கணக்கை மூன்று தடவை கூட்டுகிற ஆள் நான். மூன்றும் ஒரே விடை வந்தால்தான் இன்னும் பயமாக இருக்கும்.

ஆனாலும் திட்டம் நன்றாகவே வந்தது. நாக்பூர் சந்தைக்குத் தேங்காய் ஏற்றிப் போகும் ஒச்சாண்டி அண்ணன் தன் லாரியில் பின்பக்கம் கொஞ்சம் இடம் தருவதாகச் சொன்னார். தனி லாரி பிடித்தால் ஆகும் வாடகையில் கால் பங்கு. மச்சானுக்கு முதல் சம்பளம் வரும்வரை அக்கா தன் மோட்டார் தையல் மிஷினில் ரவிக்கை தைத்து வாடகை கட்டுவாள். மொத்தத் திட்டமும் அந்த மிஷினின் மேல்தான் நின்றது. மிஷின் போகவில்லை என்றால் அக்காவும் போக முடியாது.

அம்மா திட்டத்தைக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"தேங்காய்க்கு எவ்வளவு போட்டிருக்க?"

"தேங்காய்க்கு எதுக்கும்மா?"

"ஏடி, சித்தர் பாக்காம மிஷினத் தூக்கிட்டுப் போயி என் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீயா பதில் சொல்லுவ?"

"நம்ம மாதா கோயிலுக்குப் போற ஆளுகம்மா."

"அங்கன சிலுவையும் தொங்குதுல்ல!"

ஒச்சாண்டி அண்ணனாவது என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார். "பாப்பா, தேங்காய் பாக்காத சாமான நான் தொடவே மாட்டேன். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

"அண்ணே, உங்க லாரியில ஆயிரக்கணக்குல தேங்காய் கெடக்கே. அதுல ஒண்ணுகூட எந்திரிச்சு நிக்கலையே?"

"அது வியாபாரத் தேங்காய். இது விஷயம் தெரிஞ்ச தேங்காய்."

நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூடலூருக்குப் பஸ் ஏறினேன். தோப்புக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை பார்த்தேன். கிழிந்த பாய்க்கு முன்னால் தேங்காய் தூங்கியது. கால் உடைந்த நாற்காலிக்கு முன்னால் தூங்கியது. விளக்குமாற்றுக்கு முன்னால் குறட்டை விடாத குறை. புது மிக்ஸிப் பெட்டி வந்ததும் விருட்டென்று எழுந்தது. கிரைண்டருக்கு எழுந்தது. ஃபிரிட்ஜுக்கு எழுந்த வேகத்தில் கையை விட்டே குதித்துவிடும் போலிருந்தது. தேங்காய்க்கு நல்ல ரசனை.

உடனே எனக்குச் சந்தேகம் வந்தது, என் மேல்தான். ஒரு நாள் பார்த்ததை வைத்து முடிவு கட்டலாமா? ஒருவேளை புதுச் சாமான்களுக்குத்தான் ஊர்ப்பாசம் அதிகமோ? சோதித்துப் பார்க்காமல் ஒரு மனிதரைத் திருடன் என்று சொன்னால், எனக்கும் சித்தருக்கும் என்ன வித்தியாசம்?

அப்போதுதான் எங்கள் வீட்டுப் பரண் நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் டிவி பழுதானாலும் டிவி வந்த அட்டைப்பெட்டி பழுதாகாது. 'பின்னால ஆகும்' என்று தெர்மாகோலோடு பரணில் ஏற்றிவிடுவார்கள். வீடு மாற்றும் நாளில் அந்தந்தச் சாமான் அந்தந்தப் பெட்டிக்குள் திரும்பப் போகும். பெட்டி மேல் படம், கம்பெனிப் பேர், எல்லாம் பளபளவென்று இருக்கும். தேங்காய் படிக்கிறதா, தேங்காய்க்குப் பின்னால் இருக்கிற கண் படிக்கிறதா? கண்டுபிடிப்பது சுலபம்.

அக்காவிடம் மட்டும் சொன்னேன்: நல்ல சாமான் சாக்குக்குள், குப்பை பெட்டிக்குள். அவள் முகம் வெளிறிவிட்டது.

"ஏடி அனிதா, தேங்காய் சாக்கப் பாத்து எந்திரிச்சிருச்சுன்னா? பாஷ தெரியாத ஊருல மிஷினும் இல்லாம நான் என்னத்தப் பண்ணுவேன்?"

"எந்திரிச்சா நான் தோத்தேன்க்கா. என் வகுப்புக்குக் கட்ட வச்சிருக்கத வச்சு உனக்கு வேற மிஷின் வாங்கித் தாரேன்."

வாய்தான் சொன்னது. கை வகுப்புப் பணத்தை மூன்று தடவை எண்ணியது.

கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் மூட்டை கட்டினோம். தையல் மிஷினை மெத்தைக்குள் சுருட்டிப் பழைய உரச் சாக்கில் போட்டோம். அதன் பலகையையும் காலையும் கழற்றி விறகோடு சேர்த்துக் கட்டினோம். டிவி, கந்தல் சேலைகளுக்கு நடுவே ஒரு கோணிக்குள் போனது. மிக்ஸி, துடைப்பங்கள் சூழ அன்னக்கூடையில் அமர்ந்தது. பிறகு டிவி பெட்டிக்குள் கோழி அடைக்கும் ஓட்டைக் கூடையை வைத்தோம். மிக்ஸிப் பெட்டி நிறையச் சிரட்டை. தையல் மிஷின் பெட்டிக்குள் செங்கல். அக்காவுக்குப் பயம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

வடக்கே நாக்பூருக்குப் போக வேண்டிய லாரி மறுநாள் தெற்கே கூடலூருக்குப் போனது. அந்த டீசலை எந்தச் செலவில் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

தோப்பில் திருவிழாக் கூட்டம். சித்தர் வந்தார். தேங்காயும் வந்தது. இறக்கி வைத்த உரச் சாக்கின் முன்னால் நின்றார். அக்கா என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. தேங்காய் அசையவில்லை. விறகுக் கட்டு, அசையவில்லை. கோணி, அன்னக்கூடை, நல்ல தூக்கம்.

டிவி பெட்டி வந்தது. எழுந்தது தேங்காய்! மிக்ஸிப் பெட்டி, எழுந்தது! தையல் மிஷின் பெட்டிக்கு முன்னால் சித்தர் உடம்பே நடுங்கியது.

"ஆத்தா! இதுல பெரிய தோஷம் இருக்கு. இது ஒரு அடி நகந்தாலும் உன் மாங்கல்யத்துக்கு ஆகாது."

அம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "எடுத்துக்கிருங்க சாமி, எடுத்துக்கிருங்க."

"சாமி, ஒரு நிமிஷம்" என்று நான் முன்னால் போனேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால் பேசுவதை விட்டுவிட்டுப் பெட்டிகளைப் பிரித்தேன். கோழிக் கூடை உருண்டது. சிரட்டைகள் கொட்டின. செங்கல்லை எடுத்து அவர் காலடியில் வைத்தேன்.

கூட்டம் எட்டிப் பார்த்தது. பிறகு பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "செங்கல்லுக்கு என்னங்கய்யா மாங்கல்ய தோஷம்?" கம்பத்திலிருந்து வந்து வரிசையில் நின்ற, எங்களுக்குத் தெரிந்த ஜெபஷீலா அக்காவின் குரல். தோப்பே சிரித்தது.

சித்தர் சளைக்கவில்லை. "தோஷம் சாமான விட்டுப் பெட்டிக்கு மாறிருச்சு!"

"அப்பச் சரி சாமி. தேங்காய்க்குத்தானே சக்தி? உங்க கண்ணக் கட்டிக்கிட்டு ஒரு சுத்து வாங்க. தோஷம் எங்க போயிருக்குன்னு அதுவே சொல்லட்டும்" என்றேன்.

அவர் தயங்கினார். தயங்கியதைக் கூட்டம் பார்த்தது. ஒச்சாண்டி அண்ணனே தன் துண்டை உதறி நீட்டினார். "கட்டிக்கிருங்க சாமி. எனக்கும் தெரிஞ்சாகணும்."

கண் கட்டிய சித்தர் தோப்பைச் சுற்றினார். நாங்கள் மூச்சுவிடாமல் பின்னால் போனோம். நம்பிக்கையோடு ஓரிடத்தில் நின்றார். தேங்காய் எழுந்தது. எதிரே டீக்கடை பாய்லர். இன்னும் நாலு எட்டு. தேங்காய் எழுந்தது. எதிரே ஜெபஷீலா அக்கா.

"ஏலே! என்னைய இங்கனயே விட்டுட்டுப் போகச் சொல்லுதா உன் தேங்காய்? எம் புருசன் கேட்டா சந்தோசப்படுவாரு!"

சிரிப்புச் சத்தத்தில் திசை தெரியாமல் அவர் வேலியோரம் போய் முட்டினார். போதும் என்று நினைத்தாரோ என்னவோ, கடைசியாகத் தேங்காயைப் பெரிதாக எழுப்பி, "இதுதான்! தோஷம் முழுக்க இதுலதான்!" என்று கத்தினார்.

எதிரே நின்றது அவருடைய மைத்துனரின் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி. மேலே தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

"சாமி வாக்கு பொய்க்காது. இந்த வண்டி நகரக் கூடாது. எறக்குங்கப்பா!" என்றார் ஒச்சாண்டி அண்ணன்.

இளவட்டங்கள் தார்ப்பாயை உருவினார்கள். உள்ளே மண்ணோடு மண்ணாகிப்போன ஃபிரிட்ஜ்கள் நின்றன. மண்ணோடு மண்ணாகிப்போன கிரைண்டர்கள் நின்றன. எல்லாவற்றையும் துடைத்து, விலைச் சீட்டுகூட ஒட்டியிருந்தார்கள். போடியில் மைத்துனருக்குப் பழைய சாமான் கடை.

"அது என் கிரைண்டரு!" என்று ஜெபஷீலா அக்கா பாய்ந்தார். "என் தங்கச்சிக்கு நான் வாங்கிக் குடுத்தது, போன மாசம் வீடு மாறுறப்ப இவருகிட்ட விட்டுட்டுப் போனா. என் பேரு வெட்டியிருக்கு பாருங்க!"

கூட்டம் திரும்பிப் பார்த்தபோது துண்டு மட்டும் தரையில் கிடந்தது. சித்தர் குமுளி ஜீப்பின் பின்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனார். கேரள எல்லை தாண்ட அவருக்கு மட்டும் எந்தத் தேங்காயும் தடை சொல்லவில்லை. விட்டுப்போன தேங்காயை டீக்கடைக்காரர் உடைத்தார். உள்ளே அழுகல்.

அம்மா அந்தச் செங்கல்லை எடுத்து வேலியோரம் போட்டார். பிறகு உரச் சாக்கைத் தானே ஒரு பக்கம் பிடித்து லாரியில் ஏற்றினார். "பாத்துத் தூக்குடி. உள்ள மிஷின் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

லாரி கவிழவில்லை. நாக்பூரில் அக்கா முதல் ரவிக்கையைத் தைத்துவிட்டாள். மிஷின் சத்தத்தைப் போனிலேயே கேட்க வைத்தாள்.

என் சோதனை வென்றது என்று எழுதி முடிக்கலாம் என்று உட்கார்ந்தேன். வாசலில் ஆள் சத்தம். திறந்தால் ஏழெட்டுப் பேர், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு.

"ஓசூருக்கு வீடு மாத்துறோம்மா. உங்க கையால மூட்டை கட்டிக் குடுத்தா லாரி கவுறாதாமே? எல்லாரும் சொன்னாக."

எனக்குத் தலை சுற்றியது. வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்: "நீங்களே கட்டுங்க. டிவிய விட்டுட்டுப் போனாலும் பரவாயில்ல. கழுத்துக்கு மேல ஒரு சாமான் இருக்கு. அதுக்கு லாரி வாடகை கெடையாது, செக்போஸ்ட்டு கெடையாது. அதையாச்சும் மறக்காம கூடவே எடுத்துக்கிட்டுப் போங்க."