நான்காம் மூலையை அடக்கிய படலம்

வாழ்க மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்! எட்டடி தள்ளி நின்று எழுத்துப் படிக்கச் சொல்லி ஊரார் கண்களையெல்லாம் அளந்த பெருந்தகை. சீப்புக்கு ஓய்வு கொடுத்துவிட்ட செம்மல். மாடியில் இருக்கும் ஒற்றை அறையை வருவோர் போவோர்க்கு நாள் வாடகைக்கு ஈந்த வள்ளல்! வாடகை வாங்குகிறவர் எப்படி வள்ளல் ஆவார் என்று கேட்காதீர்கள். காவியத்தில் ஆவார்.

சொல்லின் தெய்வமே, சோப்புத்தூளின் தேவதையே, இருவரும் சேர்ந்து வந்து என் நாவில் நில்லுங்கள். நான் பாடப்போவது கட்டில் மேல் நடந்த கடும்போர். தப்பாக நினைக்க வேண்டாம், படுக்கை விரிப்பு போட்டதைத்தான் சொல்கிறேன்.

போருக்குக் காரணம் கேளுங்கள். சென்ற மாதம் ஒரு விருந்தாளி இரண்டு நாள் தங்கி, இருந்த வெந்நீரையெல்லாம் குளித்துத் தீர்த்து, சிரித்த முகத்தோடு விடைபெற்று, வீடு போய்ச் சேர்ந்ததும் இணையத்தில் எழுதினார்: “விரிப்பில் சுருக்கம். தலையணையில் ஒரு முடி. மூன்று நட்சத்திரம்.” அதைப் படித்த இல்லத்தரசி திருவாய் மலர்ந்தாள்.

“இன்னொரு தடவை இப்படி வந்துச்சுன்னா வாடகையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். என் தம்பி வந்து இருந்துக்கட்டும். பாவம், டிரம்ஸ் வைக்க இடமில்லாம அலையறான்.”

அந்தத் தம்பி, அதாவது நம் நாயகரின் மச்சான், பதினோரு ஆண்டுகளாக டிரம்ஸ் பழகுகிறார். இன்னும் பழகித்தான் கொண்டிருக்கிறார். மாடி அறைக்கு நேர் கீழேதான் நாயகர் தூங்கும் இடம். அவர் ஏன் உயிரைக் கொடுத்துப் போராடினார் என்று இப்போது விளங்கியிருக்கும்.

போர்நாளும் புலர்ந்தது. தங்கியிருந்தவர் பதினொரு மணிக்குக் கிளம்பினார். அடுத்தவர் இரண்டு மணிக்கு வருவதாகச் செய்தி. இடைப்பட்ட நேரத்தில் மச்சான் இன்ச் டேப்போடு மாடியேறி, ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவே குனிந்து நிமிர்ந்து அளந்து, “பெரிய டிரம் இங்க உக்காந்துரும், மாமா” என்று அன்போடு அறிவித்தார்.

“சும்மாதானே நிக்கிற, தரையைத் துடைடா” என்று அக்காள் மாப்பைத் தம்பியின் கையில் திணித்தாள். மச்சான் துடைத்தார். அதில் காவியத்துக்கு விஷயம் ஒன்றுமில்லை.

நாயகரோ போர்க்கோலம் பூண்டார். எஞ்சிய ஏழெட்டு முடியும் எதிரிக்குச் சாட்சியாகிவிடக் கூடாதென்று மனைவியின் பூப்போட்ட குளியல் தொப்பியைத் தலைக்கவசமாய்த் தரித்து, தலையணை உறைகளைத் தோளில் துவளவிட்டு, நாலு ஓரமும் எலாஸ்டிக் வைத்துத் தைத்த வெண்ணிற விரிப்பை உதறினார். முதல் மூலையை மெத்தைக்கு மாட்டினார், பணிந்தது. இரண்டாவதும் பணிந்தது. மூன்றாவது முனகிக்கொண்டே பணிந்தது. நான்காவதைப் பற்றி, பல்லைக் கடித்து, குதிகால் ஊன்றி, குலதெய்வத்தை நினைத்து இழுத்த அந்தக் கணத்திலே, என்றோ அடங்கிவிட்டதாக எண்ணியிருந்த முதல் மூலை சடாரென்று கழன்று வந்து, ஆயிரம் பேருக்குக் கண்ணாடி மாட்டிய அண்ணலின் கண்ணாடியையே தட்டிவிட்டுப் போயிற்று. சொந்த வீட்டிலேயே இந்த மரியாதை.

மறுபடி மாட்டினார்; மறுபடி கழன்றது. ஒரு மூலையில் உட்கார்ந்து, ஒரு மூலையைக் காலால் மிதித்து, ஒரு மூலையை முழங்கையால் அழுத்தி, நான்காவதற்கு மோவாயை நீட்டி, எட்டாமல் தவித்து, இடுப்பு பிடித்துக்கொள்ள அப்படியே கிடந்தபடி முழங்கினார்: “ஏ மூலையே! அடங்கினாயெனில் உனக்கு வெந்நீர் சலவை. மறுத்தாயெனில் நீ கரித்துணி, இது ஆணை!” மூலை அசையவில்லை. மணி ஒன்று.

இல்லத்தரசி எட்டிப் பார்த்தாள். “குறுக்கா போட்டிருக்கீங்க. லேபிள் கால்மாட்டுல வரணும். எத்தனை தடவை சொல்றது?”

கட்டில் சதுரமில்லை; நீளவாக்கில் இருந்தது. கட்டில் வாங்கிய நாள்முதல் இருந்தது. நாயகர் விரிப்பைத் திருப்பினார். நான்கு மூலையும் சமர்த்தாக உட்கார்ந்தன. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

பின்பு சுருக்கங்களின் மேல் படையெடுத்து இஸ்திரிப்பெட்டியால் அவற்றைப் பூண்டோடு ஒழித்தார். தலையணையை முகவாயில் இடுக்கி உறைக்குள் தள்ளினார். பசைநாடாவால் ஒற்றி ஒற்றி ஒரே ஒரு முடியைச் சிறைபிடித்தார், அது அவருடைய புருவத்திலிருந்து விழுந்தது. ஒன்று ஐம்பதுக்குக் கட்டில் இன்னும் பெயர் எழுதாத புது நோட்டுப்புத்தகம் போலக் கிடந்தது. அதைத் தொடவே அவருக்கு மனம் வரவில்லை.

இரண்டு மணிக்கு விருந்தாளி வந்தார். இடுப்பில் அகலமான பெல்ட். கட்டிலைப் பார்த்தார், கையெடுத்துக் கும்பிட்டார்.

“மன்னிக்கணும். மெத்தையில படுக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நான் தரையிலயே படுத்துக்கறேன். விரிச்சுக்க என்கிட்டயே போர்வை இருக்கு.”

அந்த விரிப்பில் இரண்டு நாளும் ஒரு விரல்கூடப் படவில்லை. நாயகருக்குச் சோறு இறங்கவில்லை. மச்சான் மட்டும் டிரம்ஸை ஏற்றிவர வண்டிக்குச் சொல்லிவைத்தார்.

மூன்றாம் நாள் தீர்ப்பு வந்தது. கைப்பேசியை ஏந்தி இல்லத்தரசி வாசிக்க, வீடே மூச்சடக்கி நின்றது: ஐந்து நட்சத்திரம்! ஒளிரும் ஐந்தும் முழு நட்சத்திரம்! மச்சான் இன்ச் டேப்பைச் சுருட்டினார். நாயகர் நெஞ்சு நிமிர்த்தி, குளியல் தொப்பியை வெற்றிமுடியாய் மீண்டும் சூடி, “அறை நமதே! எம் கரத்தின் உழைப்புக்கு உலகம் தலைவணங்கியது!” என்று எண்திசையும் அதிர முழங்கினார்.

“இருங்க, கீழே இன்னும் ஒரு வரி இருக்கு” என்று மனைவி படித்தாள். “‘தரை அவ்வளவு சுத்தமாக இருந்தது.’”

தரையைத் துடைத்தது மச்சான்.