ஆவுடையார்கோவிலில் நான் செத்த கதை

பல்கலைக்கழகத்தில் நாடகமும் நடனமும் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. கணக்கு ஆசிரியரைப் பார்த்து, "இதற்கு முன்னால் எங்கே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தீர்கள்?" என்று யாரும் கேட்பதில்லை. எங்களைக் கேட்பார்கள். எந்த மேடை, என்ன வேஷம், யாரிடம் பயிற்சி என்று ஆதியோடந்தமாகத் தெரிந்துகொண்ட பிறகுதான் பாடம் கேட்கவே உட்காருவார்கள்.

எங்கள் துறையில் இதை ஒரு சடங்காகவே வைத்திருந்தோம். புதுப் பிள்ளைகள் வந்து சேரும் நாளில் ஆசிரியர்கள் ஒவ்வொருவராக எழுந்து, தாங்கள் எந்த வழியாக இங்கே வந்து சேர்ந்தோம் என்று சொல்லவேண்டும். பரதம் கற்பிக்கும் அம்மையார் ஐந்து வயதில் சலங்கை கட்டியதில் ஆரம்பிப்பார். இயக்கம் கற்பிக்கும் நண்பர் டில்லியில் படித்ததையும், அங்கே குளிரில் நடுங்கிக்கொண்டே ஒத்திகை பார்த்ததையும் சொல்வார். ஒப்பனை ஆசிரியர் சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, ராணி வேஷம் கட்டியே மீசை முளைக்கும் பருவத்தை அடைந்தவர். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து நான். "நடிகனாக அனுபவம், ஒரே ஒரு மாலை. ஊர் ஆவுடையார்கோவில். வேஷம் பிணம்" என்று சொல்லிவிட்டு உட்காரப் பார்ப்பேன்.

பக்கத்து நாற்காலியில் இருக்கும் சௌந்தரம் விடமாட்டார். அவர் கிராமிய ஆட்டங்கள் கற்பிப்பவர். "அதையும் ஒழுங்காச் செய்யலை. அதச் சொல்லாம ஒக்காந்தா எப்புடி சார்?" என்பார். அவருக்கு எப்படித் தெரியும் என்றால், அன்றைக்கு அவர் என் மனைவி. (பதறாதீர்கள். மேடையில்தான்.)

அறந்தாங்கிக் கடைத்தெருவில் எங்கள் அப்பாவுக்கு மளிகைக் கடை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் பள்ளிக்கூடத்துப் படிப்பை முடித்திருந்தேன். அதற்கு மேல் என்ன செய்வது என்பதில் அப்பாவுக்கும் எனக்கும் துளிக்கூடக் குழப்பம் இருக்கவில்லை. அவர் கடை என்றார். நான் நாடகம் என்றேன். அப்போது ஒரு நாடகக் கம்பெனி ஆவுடையார்கோவிலில் கொட்டகை போட்டிருந்தது. நான் தினமும் சைக்கிளில் போய் அந்தக் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடையில் ஒரு வீசை பருப்புக் கேட்டவருக்கு ஒரு வீசை மிளகாயைப் போட்டுக் கொடுத்தேன். கடைசியில் அப்பாவே பேச்சை எடுத்தார்.

"இங்க பாரு. ஒரு தடவ மேடையில ஏறு. நான் வந்து பாக்குறேன். உருப்படியா இருந்தா அந்தக் கம்பெனியோடவே போயிரு, தடுக்கமாட்டேன். இல்லைன்னா மறுநாக் காலையில கடைச் சாவிய வாங்கி இடுப்புல சொருகிக்க. அதுக்கப்பறம் நாடகம்ங்கிற பேச்சு இந்த வீட்ல கெடையாது."

நான் கொட்டகைக்கு ஓடினேன். கம்பெனியின் முதலாளியை எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒல்லி, நீளம், வெளிறிய முகம். அந்த உடம்பைப் பார்த்து அதற்கு முன் யாரும் சந்தோஷப்பட்டதில்லை. அவர் சந்தோஷப்பட்டார்.

"தம்பி, எளைய ஜமீன்தார் வேஷம் போடுறவனுக்குக் காய்ச்சல். சனிக்கெழம நீ போடுறியா?"

"வசனம் எவ்வளவுங்க?"

"வசனம் கெடையாது. தெரை தூக்கையில நீ செத்துருப்ப. ஒன்னையக் கொன்னவன் யாருங்கிறதுதான் நாடகம்."

வீட்டுக்கு வந்து, "முக்கியமான வேஷம். நாடகமே என்னைய வச்சுத்தான் நடக்குது. மேடையில எல்லாரும் என்னையப் பத்தியே பேசுவாக" என்றேன். இதில் எந்த வார்த்தை பொய் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆத்தாளுக்குப் (எங்கள் வீட்டில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பூரிப்புத் தாங்கவில்லை. தெருவில் நாலு பெண்களிடம் சொல்லி, அவர்களையும் நாடகத்துக்குக் கிளப்பிவிட்டாள். எனக்கோ கலை வெறி தலைக்கேறியிருந்தது. மூச்சை வயிற்றில் விடு, நெஞ்சு அசையக்கூடாது என்று வாத்தியார் சொல்லியிருந்தார். கடையில் உளுந்து மூட்டைகளின்மேல் கிடந்து பயிற்சி செய்தேன். பெருங்காயம் வாங்க வந்த ஓர் அம்மாள் என்னைப் பார்த்து அலறிக்கொண்டு ஓடினார். அதை எனக்குக் கிடைத்த முதல் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மாலைக் காட்சி. என் முகத்தில் மாவு போலப் பவுடரை அப்பினார்கள். மூக்கில் பஞ்சு, தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்ட துணிக் கட்டு, கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு. எல்லாம் அச்சு அசலாக இருக்கவேண்டும் என்பது வாத்தியாரின் கொள்கை. கழுத்தில் மாலை போட்டு மேடை நடுவில் பெஞ்சில் கிடத்தினார்கள். திரை உயர்ந்தது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நான் செத்துக் கிடந்தேன்.

பெண்கள் பக்கத்தில் இருந்து, "ஆத்தே!" என்று ஒரு குரல் கேட்டது. அது யாருடைய குரல் என்று எனக்குத் தெரியும்.

மனைவியாக வந்த சௌந்தரம் அப்போது சின்னப் பெண். ஆனால் கொட்டகையே அவருக்காகத்தான் நிரம்பும். வந்தார், என் காலடியில் விழுந்தார், ஒப்பாரியை எடுத்தார்.

"பூத்த மரமாட்டம் நின்னீகளே எம்மவரே, பொழுது சாயுமுன்னே சாஞ்சீகளே எம்மவரே..."

அந்தக் குரலைப் பற்றி என்ன சொல்ல? நான் எவ்வளவு நல்லவன், வாசலுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதவன், கோபமாக ஒரு சொல் பேசாதவன் என்று அவர் அடுக்க அடுக்க, எனக்கு என்மேல் இரக்கம் பொங்கிக்கொண்டு வந்தது. இப்பேர்ப்பட்ட மனுஷன் இவ்வளவு சீக்கிரம் போய்விட்டானே! என்னை அறியாமல் கண்ணோரத்தில் நீர் கோத்து, பவுடரில் கோடு கிழித்துக்கொண்டு காதுக்குள் இறங்கியது. உலக நாடக வரலாற்றில் தன் சாவுக்குத் தானே அழுத பிணம் நானாகத்தான் இருப்பேன்.

முன்வரிசையில் இருந்த அப்பா அதைப் பார்த்தார். அதைவிடப் பெரிய ஆபத்து, ஆத்தாளும் பார்த்தாள்.

"ஐயோ, எம்புள்ள அழுகுறானே!" என்று எழுந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் சேலையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். உதறிவிட்டு விறுவிறுவென்று மேடை ஏறிவிட்டாள். அவள் அழுதுகொண்டே ஏறியதைப் பார்த்து, கூட வந்த எங்கள் தெருப் பெண்கள் நால்வரும் ஏறினார்கள். நான் உயிரோடு இருப்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் ஒருத்தி அழும்போது கட்டிக்கொண்டு கூட அழாமல் சும்மா இருப்பது எங்கள் பக்கத்துப் பெண்களால் முடியாத காரியம். பிற்பாடு கேட்டதற்கு அவர்களில் ஒருத்தி, "நாளைக்கு எங்க வீட்டுத் துக்கத்துக்கு ஒங்காத்தா வரணுமா வேண்டாமா?" என்று என்னையே மடக்கினாள்.

ஆகவே ஐவரும் தோளோடு தோள் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டார்கள். நடுவில் அகப்பட்ட சௌந்தரத்தையும் இழுத்து வட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். சம்பளம் வாங்குகிற அழுகைக்கும் சொந்த அழுகைக்கும் வித்தியாசமே தெரியவில்லை. பக்கத்திரைக்குப் பின்னால் வாத்தியார் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் ஆத்தா வட்டத்தை விட்டு என் பக்கம் நகர்ந்து வந்தாள்.

"ராசு, போதும்டா. எந்திரி."

நான் அசையவில்லை. என் எதிர்காலமே முன்வரிசையில் துண்டோடு உட்கார்ந்திருக்கிறது. எப்படி அசைவேன்? கட்டிய தாடைக்குள்ளிருந்து, "ஆத்தா, எறங்கிப் போ. நான் நடிக்கிறேன்" என்று பல்லிடுக்கில் முனகினேன்.

"என்னத்த நடிக்கிற? சும்மா படுத்துக் கெடக்க. எந்திரிடா."

"மாட்டேன்."

"பெத்தவ பேச்சக் கேக்கமாட்டியா நீ?" என்று கன்னத்தில் ஒன்று வைத்தாள் பாருங்கள், பவுடர் புகையாகக் கிளம்பியது. ஜமீன்தார் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் ஓடப் பார்த்தேன். கால் விரல்கள் கட்டியிருந்ததால் இரண்டு தத்துத் தத்தி, ஆர்மோனியக்காரர் மடியில் போய் விழுந்தேன். ஆர்மோனியம் என்னைவிடச் சத்தமாக அலறியது.

கொட்டகையில் சிரிப்பும் விசிலும் கிளம்பின. கடைசி வரிசையில் சிலர் எழுந்து ஓடியதாகவும் கேள்வி. என் கதை முடிந்தது என்று நினைத்தேன். சாவி இடுப்பில் உறுத்துவது போலவே இருந்தது.

அப்போதுதான் சௌந்தரம் எழுந்தார். சிரிக்கவில்லை, திகைக்கவில்லை. நேரே போய் ஆத்தாளின் காலில் விழுந்தார். கொட்டகை அடங்கியது.

"தாயி! நான் கும்புட்ட சாமியெல்லாம் கைவிட்டப்பறம், பெத்த மனசு வந்து கூப்புட்டதும் போன உசுரு திரும்பிருச்சே தாயி!"

எங்கள் தெருப் பெண்கள் நால்வரும் ஒரே நேரத்தில் குலவை போட்டார்கள். பெண்கள் பக்கம் முழுவதும் அதை வாங்கிக் குலவை போட்டது. கைதட்டல் ஓயவில்லை. அந்த ஒரு வரிக்கு நான் இன்றுவரை சௌந்தரத்துக்குக் கடன்பட்டவன். அது இல்லாவிட்டால் இன்றைக்கும் நான் பொட்டலம் மடித்துக்கொண்டுதான் இருந்திருப்பேன், அதுவும் கோணலாக.

ஆனால் நாடகத்தின் கஷ்டம் தீரவில்லை. செத்தவன் பிழைத்துவிட்டதால் கொன்றவனுக்கு வேலையில்லாமல் போயிற்று. இது தெரியாமல், மறு பக்கத்தில் ஒப்பனை முடித்துக்கொண்டிருந்த வில்லன் மீசையை முறுக்கியபடி, தன் திட்டம் பலித்ததை எண்ணிச் சிரித்துக்கொண்டே மேடைக்கு வந்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தேன். ஆத்தா மாலையைக் கழற்றிவிட்டு முந்தானையால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

வில்லன் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார். "நீ... நீ இன்னும் சாகலையா?"

"எம்புள்ள ஏன்யா சாகணும்?" என்று ஆத்தா எழுந்தாள். "யாருய்யா நீ? இங்கிட்டு வா, ஒன் மொகத்தப் பாப்போம்!"

வில்லன் வரவில்லை. அங்கிட்டு ஓடிவிட்டார். வாத்தியார் திரையை இறக்கச் சொன்னார்.

காட்சி முடிந்ததும் வாத்தியார் எங்களைத் தேடி வந்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று பார்த்தால், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆத்தாளிடம் கைகூப்பினார்.

"ஆத்தா, நாளைக்கும் ஒரு நடை வந்துட்டுப் போவீங்களா?"

"நாளைக்கு யாரு சாகுறது?" என்று கேட்டாள் ஆத்தா, மிகுந்த சந்தேகத்தோடு.

ஊர் திரும்ப வண்டி ஏறினோம். ஆத்தா எதுவுமே நடக்காதது போலத் தூங்கிவிட்டாள். நான் சாவிக்குக் கையை நீட்டத் தயாராகவே இருந்தேன். கடைசியில் அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"நீ செத்தது நல்லா இல்ல."

"ஆமாங்கப்பா."

"ஆனா அந்தப் புள்ள ரெண்டு வரி அழுததுக்கே ஒனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. நான் பாத்தேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒன்னையக் கடையில ஒக்கார வச்சா, ஊர்ல உள்ளவுக எல்லாம் அழுதே சரக்கு வாங்கிட்டுப் போயிருவாக. கடை தாங்காது. நீ கம்பெனிக்கே போ."

மளிகைக் கடைக்கு நான் லாயக்கில்லை என்பதைத்தான் அப்பா சொன்னார் என்று அன்றைக்கு நினைத்தேன். எனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அவன் நான் விரும்பாத ஒன்றைக் கேட்டு நின்ற நாளில்தான், கௌரவமாக விட்டுக்கொடுக்க அப்பா எவ்வளவு தூரம் யோசித்திருப்பார் என்று புரிந்தது. அவருக்கு நான் நன்றி சொன்னதேயில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

வாத்தியார் என்னைச் சேர்த்துக்கொண்டார், மேடைக்குப் பக்கத்தில் நடமாடக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. பக்கத்திரைக்குப் பின்னால் நின்று, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக்கொடுப்பதுதான் என் வேலை. பல வருஷம் அங்கே நின்றேன். யார் எங்கே தடுமாறுகிறார்கள், ஏன் தடுமாறுகிறார்கள் என்று அங்கிருந்து பார்த்தால்தான் தெரியும். நான் பிற்பாடு வகுப்பில் கற்பித்தது எல்லாம் அந்த இடத்தில் பொறுக்கியதுதான். படித்து, பட்டம் வாங்கி, பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தால் அங்கே சௌந்தரம் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க, உசுரோடதான் இருக்கீங்களா?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் காலையில் யாரையும் "எழுந்திரு" என்று சொல்லி எழுப்புவதில்லை. "ஆத்தாளைக் கூப்பிடவா?" என்று கேட்டால் போதும். பேரப்பிள்ளைகள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு எழுந்து உட்காருவார்கள். ஆத்தாளும் அதைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தவள்தான்.

நல்ல வயதாகி, ஒரு நாள் மத்தியானத் தூக்கத்திலேயே அவள் போய்ச் சேர்ந்தாள். சேதி கேட்டு சௌந்தரமும் வந்திருந்தார். கூடத்தில் தாடைக் கட்டோடும் மாலையோடும் ஆத்தா படுத்திருந்தாள். பெண்கள் வட்டம் கூடி அழுதுகொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன பேசுகிறேன் என்று தெரியாமலே வாயில் வந்துவிட்டது.

"ஆத்தா, போதும். எந்திரி."

அழுதுகொண்டிருந்தவர்கள் அத்தனை பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே இன்னும் அழுதார்கள். சௌந்தரம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். நான் ஆத்தாளின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒழுங்காக நடிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.