தளபதியின் பிஸ்கட் டின் கோட்டை

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் ஆணி விற்றுக்கொண்டே ஆங்கிலேயரோடு போர் நடத்திய ஒரே மனிதர் எங்கள் தளபதிதான். போர்க்களம், கடை மாடியில் ஒரு பிங்பாங் மேசை. படைகள், விரல் உயர ஈயப் பொம்மைகள். டேப்பால் அளந்து நகர்த்துவோம், பகடை உருட்டிச் சுடுவோம்.

எழுபதுகளின் கடைசி. என் மனைவி இறந்த வருடம். ஆணி வாங்கப் போன என்னிடம், "சார், எனக்கு ஒரு எதிரி வேணும். ஞாயித்துக்கெழம வர்றீங்களா?" என்றார்.

எந்தப் போர் என்று முடிவு செய்யவே மூன்று ஞாயிறு ஆயிற்று. ஆப்பிரிக்கப் போர் என்றேன். "நம்ம ஆளே இல்லாத சண்டையில நமக்கென்ன வேலை லா?" சிப்பாய்க் கலகம்? "குதிரை நெறைய வேணும் சார். யாரு செய்யறது?" கடைசியில் பாளையக்காரர் போர். சிவப்புச் சட்டைப் பொம்மைகளில் பாதிக்கு வேட்டி வரைந்து, விளக்குமாற்றுக் குச்சியை வேலாக ஒட்டினார். பிஸ்கட் டின் அவர் கோட்டையாயிற்று; பீரங்கியும் மிச்சச் சிவப்புச் சட்டைகளும் என் பக்கம்.

விதிகளுக்கு ஓர் ஆங்கிலப் புத்தகம் வைத்திருந்தார். அதன்படி நம்மவர்கள் நின்று போராட ஆறு விழ வேண்டும். ஓடுவதற்கு எது விழுந்தாலும் போதும். "எழுதுனவன் மேசையில எந்தப் பக்கம் உக்காந்திருக்கான்னு தெரியுதா சார்?" என்று அந்தப் பக்கத்தைக் கிழித்தார். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் தானே விதி எழுதினார்.

"ஆறு மணிக்குக் கோயில் மணி அடிக்கிற வரைக்கும் கோட்டை நின்னா நான் ஜெயிச்சேன். அன்னிக்கோட இந்தப் போரையே மூட்ட கட்டிரலாம்."

மூட்டை கட்டுவதா? அந்த மாடியை விட்டால் எனக்குப் போக்கிடம் ஏது?

ஒரு மாலை. மணி அடிக்க ஐந்து நிமிடம். கோட்டை நின்றது. என் பீரங்கிக்கு இரண்டு அங்குலம் எட்டவில்லை. அவர் கோப்பி வாங்கக் கீழே போனார். நான் பீரங்கியை நகர்த்தினேன். பார்த்த மாத்திரத்தில் ஆணியின் நீளம் சொல்லும் மனிதரிடம் இந்தத் திருட்டு! திரும்பி வந்தவர் டேப்பை இழுத்தார். பீரங்கியைப் பார்த்தார். டேப்பை மறுபடி சுருட்டினார்.

"சரி, உருட்டுங்க."

கோட்டை விழுந்தது.

"அடுத்த ஞாயிறு பாத்துக்கலாம் லா."

அதன் பிறகு ஆறு வருடம், கோட்டை நின்ற நாளிலெல்லாம் மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அவருக்குக் கோப்பி தேவைப்பட்டது.

கடையை இடிக்கப்போகிறார்கள் என்று அங் மோ கியோ அடுக்குமாடிக்குக் குடிபோனபோது, விதி நோட்டை என்னிடம் கொடுத்தார். பஸ்ஸில் புரட்டினேன். கடைசி விதி: "சார் பீரங்கியை நகர்த்தினால் அளக்கக் கூடாது. அவருக்கு ஞாயிறு வேண்டும்."

மன்னிப்புக் கேட்க அவர் புது வீட்டுக்கு ஓடினேன். கூடத்தை அடைத்துக்கொண்டு பிங்பாங் மேசை. நடுவில் பிஸ்கட் டின்.

"அந்தப் பீரங்கிய நான்..." என்று ஆரம்பித்தேன்.

"எந்தப் பீரங்கி சார்?" என்றார். "கோப்பி ஆறுது, குடிங்க."