நான் கவிழ்த்த டிரம்

அன்று நான் ஓடியது தண்ணீருக்காகவா, என் கணவர்மேல் நம்பிக்கை இல்லாமலா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. (அவருக்குத் தெரியும். கேட்டால் சிரிப்பார்.)

ஊர் ஊராகப் போய்க் குடிநீர், கழிப்பறை, சுகாதாரம் பற்றிக் கூட்டம் நடத்துவது என் வேலை. அன்று சின்னாளப்பட்டிக்கு அருகே ஒரு நெசவாளர் தெருவில் கூட்டம். தலைப்பு: 'தண்ணீர் பிடிப்பது பெண்ணின் வேலை மட்டுமல்ல.' நான்கு ஆண்களைக் கெஞ்சிக் கூட்டி வந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தேன்.

"ஆண்களிடம் குடத்தைக் கொடுங்கள். நம்பிக் கொடுங்கள்" என்று நான் கையை உயர்த்திய நேரத்தில் போன் அடித்தது.

"ஸ்டெல்லா, தண்ணி வந்துருச்சு. நான் பாத்துக்கிறேன், நீ மெதுவா வா." என் கணவர் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாது. வந்தாலும் முதலில் மஞ்சளாகக் கலங்கி வரும். அதை விட்டுவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். போன தடவை இவர் அதைத்தான் டிரம் நிறையப் பிடித்தார். கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, ஆஸ்பத்திரி. அந்தத் தண்ணீரால்தானா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. நான் உறுதியாக இருந்தேன்.

திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை.

"என்ன டீச்சர், மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்றார் பாண்டியம்மாக்கா, அந்தத் தெருக் குழுவின் தலைவி.

"வீட்ல தண்ணி வந்துருச்சுக்கா."

"சாரு வீட்லதான இருக்காரு?"

"இருக்காரு."

"பெறகென்ன?"

முன்வரிசை நால்வரும் என்னையே பார்த்தார்கள். நான் கைப்பையை எடுத்தேன்.

"போங்க டீச்சர், போங்க! ஆம்பளைய நம்பி அம்புட்டுத் தண்ணியவும் விட்றாதீங்க!" என்றார் பாண்டியம்மாக்கா.

கூட்டத்தின் சிரிப்பு பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தது. பஸ்ஸில் கண்டக்டர், "உக்காருங்கம்மா" என்று சொல்லிப் பார்த்தார். உட்கார்ந்தால் பஸ் மெதுவாகிவிடும் என்பதுபோல் நின்றேன். குழந்தை அந்தக் கலங்கல் தண்ணீரைக் குடிப்பதும் ஆஸ்பத்திரிப் படுக்கையும் மாறி மாறிக் கண்முன் வந்தன.

வீட்டு வாசலில் ஒரு வாளி. அதில் டீ நிறத்தில் தண்ணீர். எனக்கு அது போதும். துணி கட்டி மூடியிருந்த டிரம்மைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மூச்சைப் பிடித்துச் சாக்கடைப் பக்கம் சாய்த்தேன். பிறகு குடங்கள். கடைசிக் குடம் கவிழும்போதுதான் கவனித்தேன்: ஓடுகிற தண்ணீர் பளிங்கு போல இருந்தது.

குழந்தையைத் தோளில் போட்டபடி அவர் வெளியே வந்தார்.

"ஏம்மா, என்ன செய்யிற? கலங்கல் தண்ணிய செடிக்குன்னு வாளியில தனியா வச்சேன். மத்தது எல்லாம் நல்ல தண்ணிதான!"

குழாயைத் திருகினேன். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

எதிர்வீட்டு அக்கா கன்னத்தில் கை வைத்தார். "பாவம்டி, ஆம்பளையா இருந்தும் ஒத்தையில அம்புட்டும் பிடிச்சாரு!" (நான் கல்யாணமான நாளிலிருந்து ஒத்தையில் பிடிக்கிறேன். ஒரு 'பாவம்' கிடைத்ததில்லை.)

அடுத்த தண்ணீர் வரும்வரை குளியலுக்குக்கூட எதிர்வீட்டுக் குடம்தான். இப்போதும் குழாயில் சத்தம் கேட்டால் என் கணவர் முதலில் கேட்பது, "ஸ்டெல்லா, ஒனக்கு இன்னைக்குக் கூட்டம் ஏதும் இல்லையா?"

அதே தெருவில் மறுபடி கூட்டம் நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பும் அதேதான். "அன்னைக்கு சாரு தண்ணி பிடிச்சாரா?" என்று பாண்டியம்மாக்கா கேட்காமல் விடமாட்டார். பிடித்தார் என்றால், "பிடிச்ச தண்ணி என்னாச்சு?" என்பார். படிக்கிறவர்களே, நான் என்ன பதில் சொல்லட்டும்? கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். முன்வரிசையில் அந்த நான்கு பேரும் இருப்பார்கள்.