மூன்று சாக்கு மரப்பட்டையும் என் கம்பளிக் கோட்டும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் தங்கள் மரக்கடையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சௌக்கியமாக இருப்பது உங்கள் மகள் ஒருத்திதான். மற்றவர்கள் நிலைமையைக் கீழே எழுதுகிறேன்.

போன மாதம் உங்கள் கடையிலிருந்து மூன்று சாக்கு வந்து இறங்கியது. அப்பா பட்டை அனுப்பியிருக்கிறார் என்றாள் மருமகள். சமையல் பட்டையாக்கும், சம்பந்திக்கு என்ன தாராள மனசு என்று நானே முதுகு வலிக்கச் சுமந்து உள்ளே வைத்தேன். பிரித்தால், மரத்தில் உரித்த பட்டை. எனக்கே பட்டை நாமம். அதை இடித்து, ஊறவைத்து, கொதிக்கவிட்டு, வடிகட்டி, அந்தச் சாற்றில் கம்பளியை முக்கினால் நிறம் பிடிக்குமாம். அவள் வேதியியல் டீச்சராக வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிய பிறகு தானாகத் தேடிக்கொண்ட தொழில் இது. ஒரு துணிக்கடைக்காரர் பன்னிரண்டு சால்வைக்குச் சொல்லியும் விட்டார். நான் தடுத்தேனா? என் வெந்நீர் அண்டா பறிபோனபோதுகூட வாயைத் திறக்கவில்லை. சவரம் செய்தபின் தடவிக்கொள்ளும் படிகாரக் கட்டியும் காணாமல் போனபோதுதான் கேட்டேன். நிறம் கம்பளியை விட்டுப் போகாமல் இருக்கப் படிகாரம் வேண்டுமாம். என் கன்னம் எரிந்தால் பரவாயில்லையாம். அவள் அப்படிச் சொல்லவில்லை, நானே புரிந்துகொண்டேன்.

இந்த நிலைமையில் எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத் தேர்தல் வந்தது. நான் தலைவர் பதவிக்கு நிற்கிறேன். மேடைக்கென்று வைத்திருக்கும் ஒரே வெள்ளைக் கம்பளிக் கோட்டை, பூச்சி மருந்து வாசனை போகட்டும் என்று பின்பக்கக் கம்பியில் மாட்டினேன். அடியில் அண்டா இருப்பதை யாரும் சொல்லவில்லை. காத்து அடிச்சுது, கோட்டு நேரா அண்டாவுக்குள்ள. பதறிப்போய் எடுத்தா தேன் கலரு. சொட்டச் சொட்ட மறுபடி அதே துருப்பிடிச்ச கம்பியில போட்டேன், கம்பி பட்ட இடமெல்லாம் கன்னங்கரேல்னு கோடு. இரும்பு பட்டா பட்டைச் சாறு கறுத்துடுமாம். முன்னாடியே சொன்னா வாய் வலிக்குமா?

ஆத்திரத்துல அண்டாவைக் கவுத்துட்டேன். ஒத்துக்கறேன். அத்தனையும் சாக்கடைக்குப் போச்சு. உங்க பொண்ணு கையில கரண்டியோட வந்து நின்னா.

"மாமா, அது ரெண்டு நாளா ஊறினது. கடைசி நாலு சால்வைக்கு வச்சிருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னா. கத்தியிருக்கலாம் இல்லையா? அவ கத்தினா நானும் பதிலுக்குக் கத்திட்டு, கணக்குத் தீர்ந்ததுன்னு சாப்பிட உட்கார்ந்திருப்பேன். அவளோ அண்டாவைக் கழுவி மூலையில கவுத்து வச்சுட்டு உள்ளே போயிட்டா. அன்னைக்கு முழுக்க என் சம்சாரம் என் முகத்தையே பார்க்கல. என் பையன் பக்கத்துல உட்கார்ந்துகிட்டே, உப்பை எடுத்துத் தரச் சொல்லி எனக்குத் தன் அம்மா மூலமா சொல்லி அனுப்பறான். கோட்டைப் பறிகொடுத்தவன் நான், குற்றவாளியும் நானா? பெத்த பொண்ணுக்குச் சண்டை போடக் கத்துக்கொடுக்காதது யார் தப்பு? உங்க தப்பு.

ஆகையால் தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, தங்கள் மகளையும் மிச்சமிருக்கும் பட்டையையும் பத்து நாளைக்காவது அழைத்துப் போகவும். சொந்த வீட்டிலேயே என் சாயம் வெளுத்தது போதும்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். வயதில் சிறியவர்கள் எல்லோருக்கும் என் ஆசி. கோபம் தங்கள் ஒருவர் மேல்தான்.

இப்படிக்கு,
மனம் நொந்த தங்கள் சம்பந்தி

பி.கு.: தபால் தலை வாங்க மறந்து, இந்தக் கடிதம் ஒரு வாரமாக என் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. தாங்கள் வர வேண்டாம். இதை எழுதிய மறுநாள் காலை நானே பட்டையை இடித்து ஊறவைத்தேன். தண்ணீர் அதிகம் என்று மருமகள் திட்டினாள், மனசு லேசானது. நாலு சால்வையும் நேற்றுப் போய்ச் சேர்ந்தன. தேர்தலில் தோற்றுவிட்டேன், ஆனால் மேடைக்கு நான் போட்டுப் போன அந்தக் கறுப்புக் கோடு விழுந்த கோட்டை எங்கே வாங்கினீர்கள் என்று மூன்று பேர் கேட்டார்கள். இன்னும் ஆறு சாக்கு அனுப்பவும். நான் கேட்டதாக அவளிடம் சொல்ல வேண்டாம். பட்டை தீர்ந்தால் இடிக்கிற வேலையும் தீர்ந்துவிடும், அப்புறம் இந்த வீட்டில் எனக்குப் பேப்பர் படிப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது.